ஃபர்ம்வேரை உள்ளே விடலாமா?

வாகைப்பட்டி கட்டற்ற மென்பொருள் சங்கத்தில் மொத்தமே மூன்று பேர். மூளையையும் பொதுவில்தான் வைத்திருந்தார்கள்.

அதில் கடைக்குட்டி தங்கப்பழம். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவன் துறைமுக வேலைக்கு இணையத்தில் மனு போட்டாக வேண்டும். போடாவிட்டால் பவளக்கொடியை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிடுவதாக அவள் அப்பா, அதாவது இவன் தாய்மாமன், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாவம், பயலுக்கு அவள் என்றால் உயிர்.

அப்படிப்பட்டவன் என்ன செய்தான்? காலையில் நூலகத்தில் உட்கார்ந்து, லேப்டாப்பில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை அழித்துவிட்டு, சங்கம் சொன்ன இயங்குதளத்தை ஏற்றினான். எல்லாம் வந்தது, வைஃபை மட்டும் வரவில்லை. வைஃபையை ஓட்டுகிற ஃபர்ம்வேர் என்ற நிரலை அதன் கம்பெனி யாருக்கும் திறந்து காட்டாதாம். அதனால் இயங்குதளத்தோடு அதைச் சேர்க்கவில்லையாம். 'இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளவும்' என்றது திரை.

"இணையத்துக்குப் போகத்தானே அண்ணாச்சி வைஃபை?" என்றான், அழாக்குறையாக.

"கொள்கைன்னா கஷ்டம் இருக்கத்தாம்லே செய்யும்" என்றார் தலைவர் மகிழ்வண்ணன். "உள்ள என்ன இருக்குன்னு காட்டாத எதையும் நாம உள்ள விடக் கூடாது."

"முதல் நாளே வைஃபை ஓடலேன்னா எவன் நம்ம பக்கம் வருவான்? சேர்த்தேதான் குடுக்கணும்" என்று பையிலிருந்து பென் டிரைவை எடுத்தான் மூன்றாமவன் இசக்கியப்பன். ஃபர்ம்வேர் அதில் இருந்தது.

வாதம் டீ குடித்தும் முடியவில்லை, சோறு தின்றும் முடியவில்லை. நாலு மணிக்குத்தான் சமரசம் பிறந்தது. ஃபர்ம்வேரைச் சேர்க்கவும் வேண்டும், அது உள்ளே போகவும் கூடாது. பென் டிரைவை லேப்டாப் மூடியின் மேல் டேப் போட்டு ஒட்டினார்கள். அப்படியும் வைஃபை வரவில்லை.

இசக்கியப்பன் சுவரைப் பார்த்தான். ஊருக்கே இருந்த ஒரே வைஃபைப் பெட்டி அங்கே மினுக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டி மட்டும் உள்ள என்ன இருக்குன்னு நமக்குக் காட்டிச்சா?"

"அடப் பாவி, இத்தனை நாள் தோணலியே!" தலைவருக்கு வேர்த்துவிட்டது.

ஸ்க்ரூ டிரைவர் வந்தது. மூடியைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் பெயர்த்து மேஜையில் பரப்பினார்கள். நூலகம் முழுக்க "ஐயோ, நெட் போச்சே!" என்று ஒரே கூச்சல்.

"இனி வைஃபையே கிடையாது. அப்போ ஃபர்ம்வேரும் வேண்டாம்" என்றார் தலைவர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தங்கப்பழம் இரண்டு கையையும் தூக்கினான்.

பவளக்கொடி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அத்தான், மனு போட்டாச்சா?"

"இல்ல பவளம். ஆனா இனிமே இந்த ஊர்ல எவனும் போட முடியாது. போட்டியே இல்ல! மாமாகிட்ட பந்தலுக்குச் சொல்லச் சொல்லு."