இயலாத காரணத்தால்

“டீச்சரம்மா, எம் பிள்ளைய இனி எங்க கொண்டுபோய் மறைச்சு வைப்பேன்?”

கேட்டவர் சவரியப்பன். வயது ஐம்பத்தொன்று. நூற்பாலையை இழுத்து மூடிய பிறகு, கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூலிக்கு மனு எழுதப் பழகிக்கொண்டிருந்தார்.

பழக்கிக்கொடுத்தவள் பரக்கத் நிஷா. அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சரம்மாதான்.

“மறைக்கிற அளவுக்கு அமலி என்னண்ணே பண்ணுனா?”

அமலி அவருடைய மகள். எட்டாம் வகுப்பு. அப்பாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒன்பது நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

அவளுக்குப் பேச்சு திக்கும். காலைக் கூட்டத்தில் உறுதிமொழி வாசிக்கும்போது, ‘உடன்பிறந்தவர்கள்’ என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுபோனாள். கூடப் படிக்கிற மூன்று பேர், ஒளித்துக் கொண்டுவந்த மொபைலில் அதைப் படம் பிடித்தார்கள். நடுநடுவே கோழி கொக்கரிக்கிற சத்தத்தை ஒட்டினார்கள். சாயங்காலத்துக்குள் அது எல்லா வகுப்பு குரூப்பிலும் ஓடியது. மறுநாள் தெருவில் நண்டுசிண்டெல்லாம் அவளைப் பார்த்துக் கொக்கரித்தது.

“ஹெட்மாஸ்டர்கிட்டப் போனேன். விளையாட்டுப் பசங்க, விடுங்கன்னார். வேற பள்ளிக்கூடம் பாத்துக்கங்க, டி.சி. கையோட தர்றேன்னார்.”

“நல்ல மனுசன். நீங்க என்ன சொன்னீங்க?”

சவரியப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மாற்றுச் சான்றிதழ் கேட்டு அவரே எழுதிய மனு. எழுத்து முத்துமுத்தாக இருந்தது.

நிஷா அதைக் கையில் வாங்கவில்லை.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. எழுதிய மனுவை, அடிபட்டவர் காதில் விழும்படி படித்துக்காட்டாமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டாள்.

“படிச்சுக் காட்டியாச்சா?”

“எம் மனுதானே. நானே எழுதுனேன், நானே படிச்சேன்.”

“அடிபட்டது நீங்களா?”

சவரியப்பன் தாளை மடிக்கப் போனார்.

“படிங்கண்ணே. அவளைப் பாத்துப் படிங்க.”

படித்தார். “எட்டாம் வகுப்பு பயிலும் என் மகள் அமலி, தொடர்ந்து பயில இயலாத காரணத்தால்…”

“ந… ந…” என்றாள் அமலி.

“நான் எப்பிடிப்பா போவேன்னுதானே கேக்குற? போக வேணாம் சாமி. அதுக்குத்தான் இந்த…”

நிஷா, தாள் வைத்து எழுதுகிற பரீட்சை அட்டையை எடுத்து அவர் வாய்க்கு முன்னால் குறுக்கே பிடித்தாள்.

அட்டைக்கு அந்தப் பக்கம் அவர் வாயடைத்து உட்கார்ந்தார். அமலியின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடித் திறந்தது.

மனு எழுத வந்த பெரியவர் ஒருவர் பொறுமை இழந்தார். “சும்மாதானம்மா உக்காந்திருக்கீங்க. என் பட்டா விசயத்தை எழுதுங்களேன்.”

“சும்மா இல்ல தாத்தா. வேலையாத்தான் இருக்கோம்.”

நிஷா அட்டையை இறக்கவில்லை.

“நான்… இ… இயலாதுன்னு சொல்லவே இல்லையேப்பா.”

சவரியப்பன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். முத்துமுத்தான எழுத்து. அதை நான்காகக் கிழித்தார்.

நிஷா அதே அட்டையில் வெள்ளைத்தாளைச் செருகிக் கொடுத்தாள். “எழுதுங்க. சைபர் கிரைம் போலீசுக்கு ஒண்ணு. கல்வி அலுவலருக்கு ஒண்ணு. ஹெட்மாஸ்டருக்கு நகல்.”

“பகையாகிப் போகுமே டீச்சரம்மா. திரும்ப அதே வகுப்புல இவ உக்காரணும்.”

“இப்ப என்ன, சம்பந்தம் பேசிக்கிட்டா இருக்காங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. அடுத்த நொடியே முகம் வாடியது.

“ஆதாரம் கேப்பாங்களே. பாக்கவே மனசு பொறுக்கல. போன்ல இருந்த எல்லாத்தையும் அழிச்சிட்டேன்.”

அமலி பையைத் திறந்து கணக்கு நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். எந்த குரூப், எந்த நம்பர், என்ன தேதி, எத்தனை மணி. நோட்டு மடிப்பிலிருந்து ஒரு மெமரி கார்டு நழுவி விழுந்தது.

“எ… எல்லாம் முன்னாடியே எடுத்து வச்சிருக்கேன்.”

மறைத்து வைக்க இடம் தேடி ஊரெல்லாம் அலைந்த மனிதர், மகள் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அது அழுத முகமாக இல்லை. கோபமாக இருந்தது.

“கையெழுத்து மட்டும் நீங்க போடுங்கண்ணே, அவ மைனர்” என்றாள் நிஷா. “வார்த்தை அவளோடது.”

அமலி சொன்னாள். அவர் எழுதினார். சொல் வர எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரம் பேனா காற்றில் நின்றது. மூன்று பெயர்களும் தாளில் ஏற அரை மணி ஆயிற்று.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஹெட்மாஸ்டர்.

“என்னங்க, டி.சி. எழுதி வச்சிட்டேன். எப்ப வர்றீங்க?”

சவரியப்பன் ஸ்பீக்கரைப் போட்டு போனை மகள் முன்னால் நீட்டினார்.

“சா… சா…”

“ஹலோ, யாரு? லைன் சரியில்லைங்க. கேக்குதா?”

அவர் போனை இழுத்துக்கொள்ளவில்லை. இருந்த இடத்திலிருந்தே குனிந்து சொன்னார்.

“லைன் நல்லாத்தான் இருக்கு சார். எம் பொண்ணு பேசிக்கிட்டிருக்கா. நீங்க கேளுங்க.”