வண்டிச் சட்டமும் வேலப்பர் வீட்டு அடுக்களையும்

மணலிக்கோட்டையை ஆண்ட திடவிக்கிரம ராயருக்கு நாடு சிறியது, கோபம் பெரியது. ஒருநாள் அவர் பல்லக்கில் கடைத்தெரு வழியாகப் போனார். குறுக்கே ஓர் உப்பு வண்டி நின்றது. அதனால் பல்லக்கும் நின்றது. நின்ற நேரத்தில் வண்டிமாடு பல்லக்கின் பட்டுத் தொங்கலை வைக்கோல் என்று எண்ணிப் பாதி தின்றுவிட்டது.

அன்று மாலையே சபைப் புலவர் வேலப்பருக்கு ஆள் போயிற்று.

"ஓய் வேலப்பரே, இனி என் தெருவில் ஒரு வண்டி நிற்கக் கூடாது. சட்டம் எழுதும்!"

தெருவில் இல்லாவிட்டால் வண்டி வேறு எங்கே நிற்கும் என்று புத்தியுள்ள மனிதர் கேட்டிருப்பார். வேலப்பர் மோனை தேடப் போய்விட்டார். வாழ்நாளில் அவர் வண்டி வைத்திருந்ததில்லை. ஆகவே வண்டிகளைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

விடிவதற்குள் சட்டம் பிறந்தது. 'வண்டி வந்து சரக்கு இறக்கும் வீடோ கடையோ, தன் மதிலுக்குள் அந்த வண்டி நுழைந்து திரும்ப இடம் விடவேண்டும். இடமில்லாதவர் சுவரை இடித்து இடம் உண்டாக்க வேண்டும். தெருவில் வண்டியை நிறுத்தியவர் நுகத்தடியைத் தோளில் சுமந்து சந்தையைச் சுற்றிவர வேண்டும். யாராயினும் விலக்கில்லை.'

அந்தக் கடைசி வரியை வேலப்பர் தனக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். என்ன ஓசை!

பஞ்சுக்கடை பாதியாயிற்று. எண்ணெய்க்கடைக்காரர் செக்கைப் பெயர்த்து எடுத்தார். அழுதுகொண்டு வந்தவர்களிடம், "சட்டம் என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்" என்றார் வேலப்பர். பிறர் சுவர் விழும் சத்தத்தில் அவருக்குத் தாளம் கேட்டது.

பிறகு ஒருநாள், அவருக்குச் சேரவேண்டிய அரண்மனை நெல்லை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி அவருடைய சந்துக்குள் வந்தது. வண்டிக்குப் பின்னால் ஏகாம்பர தானாபதி வந்தார். அரசருக்கு அடுத்த அதிகாரம் அவருக்கு. வேலப்பருக்குக் கிடைக்கும் பாராட்டெல்லாம் அவருக்கு நெஞ்செரிச்சல். அவருக்குப் பின்னால் கடப்பாரை ஆட்கள்.

"புலவரே, வண்டி உம்மிடம்தான் வந்திருக்கிறது. உள்ளே ஏற இடம்?"

வேலப்பர் வீட்டில் ஒரு கூடம், ஓர் அடுக்களை. அவ்வளவுதான்.

"கூடத்தை இடித்தால் கூரை விழும். அடுக்களைதான் தோது" என்றார் தானாபதி, அக்கறையோடு. "நாளைக் காலையில் ஆட்கள் வருவார்கள்."

அவர் போனதும் புலவர் மனைவி செண்பகவடிவு கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, எழுதும்போது ஒரு தடவை தலையைத் தூக்கி நம்ம வீட்டைப் பார்த்திருக்கக் கூடாதா?"

"பார்த்திருந்தால் சந்தம் கெட்டிருக்கும், வடிவு."

"அடுக்களை போச்சுன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க சந்தத்தைப் பொங்கித் தின்னுங்க."

வேலப்பர் அரண்மனைக்கு ஓடினார். ராயர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "யாராயினும் விலக்கில்லை! நல்ல வரி, ஓய்!"

பாராட்டு இவ்வளவு கசக்கும் என்று வேலப்பருக்கு அன்றுதான் தெரிந்தது. திரும்பும் வழியில், ரதவீதியில் கால் ஓய்ந்து எதன்மேலோ சாய்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். கோயில் தேரின் சக்கரம். திருவிழா முடிந்து, ஓலை மூடி, ஊர்ப் பாரத்தையெல்லாம் இறக்கிவைத்தது போல் அது நின்றது. வருஷமெல்லாம் தெருவிலேயே நிற்பதால், அதை ஒரு வண்டி என்று யாரும் நினைத்ததே இல்லை.

மறுநாள் காலை கடப்பாரை ஆட்கள் வந்ததும், "அடுக்களை எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் பெரிய வேலை" என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கோயில் வாசலில் நிறுத்தினார். கயிறு போட்டுக் கோபுரத்தை அளந்தார். ஊர் கூடியது. தானாபதி ஓடிவந்தார். ராயரே வந்துவிட்டார்.

"வேலப்பரே, உமக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?"

"சட்டம் நடக்கிறது, மகாராஜா. அதோ ஒரு வண்டி தெருவில் நிற்கிறது. வாசலோ சிறியது. கோபுரத்தை எடுத்துவிட்டால் தாராளமாக உள்ளே போகும்."

"சிவசிவா! அது சுவாமி தேர்!" என்றார் தானாபதி.

"சக்கரம் இருக்கிறது. சுவாமியை ஏற்றுகிறது, இறக்குகிறது. வண்டிக்கு இன்னும் என்ன வேண்டும்?"

"கோபுரத்தில் ஒரு செங்கல் விழக் கூடாது!" என்று கர்ஜித்தார் ராயர்.

"உத்தரவு. அப்படியானால் மிச்சம் நுகத்தடிதான். நிறுத்தியவர் சுமக்கட்டும்."

தானாபதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுதான் நியாயம்! தேரை இங்கே நிறுத்தியவன் எவன்? இழுத்துக்கொண்டு வாருங்கள்!"

ஒருவரும் நகரவில்லை. தேர் நிலைக்கு வந்ததும், கடைசி முட்டுக்கட்டையைச் சக்கரத்தடியில் ராயர் தம் கையால் வைப்பதுதான் அந்த ஊர் வழக்கம். கூட்டம் தரையைப் பார்த்தது. ராயர் தம் உள்ளங்கையைப் பார்த்தார்.

"தானாபதி, கொஞ்சம் வாயை மூடும்" என்றார் மெதுவாக. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். கோபுரத்துப் புறாக்களெல்லாம் எழுந்து பறந்தன.

சட்டம் அங்கேயே மாறியது. இனி ஒரு சுவரும் விழாது. சரக்கு இறக்கும்வரை வண்டி தெருவோரம் நிற்கலாம். இறக்கியதும், உடையவர் அதைத் தம் வீட்டுக்கு ஓட்டிப்போய்விட வேண்டும். வேலப்பருக்குப் பரிசும் உண்டு. மனிதர் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டார்.

பரிசின்மேல் உட்கார்ந்துகொண்டே சந்துக்குள் வந்தார். "வடிவு! உன் அடுக்களை பிழைத்தது! ராஜா என்ன கொடுத்திருக்கிறார், வந்து பார்!"

செண்பகவடிவு வந்து பார்த்தாள். புத்தம் புது வில்வண்டி. திமில் குலுங்கும் இரண்டு காளைகள்.

"ரொம்ப அழகு" என்றாள். "எங்கே கட்டப் போறீங்க? உங்க செய்யுள்லயா?"