மடிப்புக்குள் இருந்த பெயர்

கல்லூரியில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும் அதிகாரி குணசீலன் சார். சிபாரிசே கிடையாது என்று காட்ட, பயோடேட்டாவில் பெயர் இருக்கும் இடத்தை மடித்துவிட்டுத்தான் படிப்பார். கொடுப்பவர் முகத்தையும் பார்க்க மாட்டார்.

கடைசி வருட மாணவி தெய்வானையின் தாளில் சராசரி பத்துக்கு 6.8 என்று மட்டும் இருந்தது. "இதையெல்லாம் எந்தக் கம்பெனி எடுக்கும்?" என்று தள்ளிவிட்டார். வெள்ளிக்கிழமை கம்பெனி வருகிறது. சார் போடும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாசலோடு சரி.

மறுநாள் வேறு தாள் கொண்டுபோனாள். மேலே, பரீட்சை எழுதி கல்லூரியிலேயே இரண்டே பேருக்குக் கிடைத்த உதவித்தொகை. கீழே, செமஸ்டர் வாரியாக மதிப்பெண்: முதலில் 4.9, கடைசியில் 8.7.

சார் மடித்துப் படித்தார். "அடேயப்பா, எப்படி ஏறி வந்திருக்கு இந்தப் பிள்ளை. நேத்து ஒருத்தி 6.8ன்னு நீட்டினா, அவகிட்ட இதைக் காட்டணும்."

"அவ பார்த்துட்டா சார். அவதான் இதை எழுதினதே. கூட்டி வகுத்தா அதே 6.8தான் வரும்."

சார் மடிப்பைப் பிரித்துப் பெயரைப் பார்த்தார். "நேத்தே இப்படிக் கொண்டுவந்தா என்னவாம்?" என்று முணுமுணுத்தபடி பட்டியலில் எழுதினார்.

எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து, தெய்வானை மெல்லச் சொன்னாள்: "நேத்தே நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்."