ஞானராஜ் பேக்கரியின் கருப்பட்டி கேக்

பனங்காட்டூரில் அறிவுக்குக் கொஞ்சம் தட்டுப்பாடுதான். இருந்த கொஞ்சமும் தங்களுக்கு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தவர்கள், ஞானராஜ் பேக்கரியில் வேலை பார்த்த லிங்கதுரை, எட்வின், தவசி ஆகிய மூவர். மற்றபடி தங்கமான ஆட்கள். முதலாளி சொன்ன சொல்லில் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் செய்வார்கள். அதுதான் வினை.

முதலாளி ஞானராஜின் மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தகப்பனார் பால்துரைக்கு முப்பது வருஷமாகக் கருப்பட்டி வியாபாரம். "எங்க வீட்டு விசேஷத்துல ஒரு பொட்டு வெள்ளைச் சீனி இருந்தாலும் சம்பந்தம் கிடையாது" என்று சொல்லி, கேக்குக்காக ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியை அனுப்பியிருந்தார். பெண்ணுக்கு இது நாலாவது வரன். முந்தைய மூன்றும் தட்டிப்போயிருந்தன. ஞானராஜ் மூவரையும் கூப்பிட்டு எதிரே நிறுத்தினார்.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கிடுங்க. சீனியே தொடக் கூடாது, பதிலுக்குக் கருப்பட்டி. அதுல மண்ணும் தூசியும் கிடக்கும், சுத்தம் பண்ணிட்டுப் போடுங்க. கேக் கருத்துத்தான் வரும். பயப்படக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் மண்டபத்துக்குப் போய்விட்டார்.

மூவரும் கருப்பட்டியை வாளித் தண்ணீரில் போட்டுத் தேய்த்தார்கள். தண்ணீர் கருப்பானது.

"எம்மா, எவ்வளவு அழுக்கு!" என்றான் எட்வின்.

கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்துத் தேய்த்தார்கள். ஏழாவது வாளியில் தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது. உள்ளே கையை விட்டுத் துழாவினால் ஒன்றுமே இல்லை.

"கருப்பட்டி எங்கண்ணே?" என்றான் தவசி.

மூவரில் மூத்தவன் லிங்கதுரை. நாடியைச் சொறிந்து வெகுநேரம் யோசித்தான். "லே, இதுல கருப்பட்டியே கிடையாது. பூரா அழுக்கு. யாரோ அழுக்கை உருட்டிக் கருப்பட்டின்னு சம்பந்தி தலையில கட்டிட்டான்."

"முப்பது வருஷமாவாண்ணே?"

"பாவம், நல்ல மனுஷன். நாம சொல்லிக்கிட வேண்டாம்."

சீனியும் கூடாது, கருப்பட்டியும் இல்லை. இரண்டும் இல்லாமலே மாவைக் கலந்து அடுப்பில் வைத்தார்கள். அரை மணி நேரத்தில் கேக் பொன்னிறமாக உப்பி நின்றது.

"கருக்கலயே!" என்று பதறினான் எட்வின்.

"கருத்துத்தான் வரும்னு முதலாளி சொன்னாவ. கருக்குற வரைக்கும் உள்ள கிடக்கட்டும்" என்றான் லிங்கதுரை.

இரண்டு மணி நேரத்தில் அடுப்பிலிருந்து புகை கிளம்பியது. தவசி அடுப்பை விட்டுப் பின்வாங்கினான். "அண்ணே, எனக்குப் பயமா இருக்கு."

"பயப்படக் கூடாதுன்னு சொல்லிட்டுல்லா போனாவ!"

"நான் என்னண்ணே செய்ய? அதுவா வருது."

முதலாளி பேச்சை மீற முடியுமா? இருவரும் தவசியைத் தரையில் உட்காரவைத்து, பயம் தெளிகிறவரை தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அது தெளிய முக்கால் மணி நேரம் பிடித்தது. அதற்குள் கேக் குறைவில்லாமல் கருத்துவிட்டது.

மண்டபத்தில் கேக்கில் கத்தி இறங்கவில்லை. கேக்கைக் கொண்டுவந்த மூவரும் அரிவாளால் கொத்தி முதல் துண்டைப் பால்துரையிடம் கொடுத்தார்கள். அவர் கடித்தார். கடக் என்று ஒரு சத்தம். அவர் கண்ணில் நீர் கட்டியது. கருப்பட்டி கேக்கை அவர் வாழ்நாளில் தின்றதில்லை. அதைச் சபையில் ஒத்துக்கொள்ள முடியுமா?

"கருப்பட்டின்னா இப்பிடித்தான் உறுதியா இருக்கும்" என்றார். உறவினர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று கரியை மென்றார்கள். ஞானராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் பால்துரை கையிலிருந்த துண்டைக் குனிந்து பார்த்தார். கருப்புக்கு நடுவே வெள்ளையாக ஒன்று குத்திக்கொண்டு நின்றது.

"சீனிக் கல்லு! எந்திரிங்க எல்லாரும், போவோம்!"

மணப்பெண் அழ ஆரம்பித்தாள். லிங்கதுரை நிதானமாக முன்னே வந்து அதைப் பிடுங்கி, வாயில் போட்டுக் கண்ணை மூடிச் சப்பினான். "இனிக்கலையே."

பால்துரை நம்பவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா சப்பினார், தாய்மாமா சப்பினார், அத்தை சப்பினாள். ஒருவருக்கும் இனிக்கவில்லை. கடைசியில் பால்துரையே வாங்கி வாயில் போட்டு உருட்டினார். முகம் மலர்ந்தது.

"சீனி இல்ல. எனக்கு ரொம்பப் பழக்கமான ருசியால்லா இருக்கு! ஏதோ பருப்பு. சம்பந்தி, கல்யாணக் கேக்குல துண்டுக்கு ஒண்ணு வாராப்புல போடச் சொல்லுங்க" என்று அவர் சிரித்தபோது வாயின் முன்வரிசையில் காற்று விசிலடித்தது. மோதிரம் மாற்றினார்கள்.

மறுநாளிலிருந்து மூவரும், மாதிரிக்கு அவரிடம் வாங்கி வைத்த அந்தப் பருப்பைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு மளிகைக் கடை கடையாக விசாரித்து அலைகிறார்கள். அது பல் என்று சொல்லி ஏமாற்றப் பார்த்த கடைக்காரரிடம் இனிமேல் சரக்கே எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள்.