சலேத்து போட்ட பிடியரிசி

டேய் பிரிட்டோ, காலை ஆட்டாத. போர்வையை இழுத்துப் போத்து. கதை வேணும்னா "ம்" கொட்டணும். கொட்டலைன்னா பெரியம்மா பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன், ஆமா. ராஜா கதை இல்ல, பேய்க் கதையும் இல்ல. பள்ளிக்கூடத்துக் கதை. மூஞ்சியைச் சுளிக்காம கேளு.

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு. ஊரு பேரு எதுக்கு உனக்கு, பஸ் ஏறிப் போயிப் பாக்கப் போறியா? ஊரைச் சுத்தி மல்லியப்பூத் தோட்டம். விடியுறதுக்கு முன்னாடியே பொம்பளைங்க எல்லாம் மடியைக் கட்டிக்கிட்டுப் பூ எடுக்கப் போயிருவாங்க. நடுவுல மாதா கோயிலு, கோயிலை ஒட்டிப் பள்ளிக்கூடம். ஒண்ணாப்புலருந்து அஞ்சாப்பு வரைக்கும். காலையில டிங் டிங் டிங்னு மணி அடிச்சா, பிள்ளைங்க தடதடன்னு ஓடி வரும்.

ம்? ஆங், அப்படிக் கொட்டு.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ஒரு பெரிய சிஸ்டரு வந்தாங்க. அமலோற்பவம் சிஸ்டரு. நல்லவங்கடா. பிரம்பையே தொட மாட்டாங்க. திருச்சபை ஏழை எளியவங்களைப் பத்தி என்னென்ன சொல்லிருக்குன்னு கூட்டங்களுக்குப் போயிப் போயிப் படிச்சுட்டு வந்தவங்க. இதையெல்லாம் பெரியவங்ககிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோசனம், பிள்ளைங்ககிட்ட இருந்துல்ல ஆரம்பிக்கணும்னு அவங்களுக்கு ஒரு ஆசை.

அப்போ சாம்பல் புதன் வந்துச்சு. தபசு காலம் ஆரம்பம், பாஸ்கா வரைக்கும், அதான் ஈஸ்டர் பண்டிகை வரைக்கும், நாப்பது நாளு. எல்லாப் பிள்ளைங்களையும் உக்கார வச்சு மூணு விசயம் சொன்னாங்க. "ஆண்டவர் இந்தப் பூமியை யாரு பேருலயும் பட்டா போட்டுக் குடுக்கல, விளையுறது எல்லாருக்கும் பொது, அது ஒண்ணு. கஷ்டப்படுறவங்களுக்குத்தான் முதல் பங்கு, அது ரெண்டு. எந்த மனுசரையும் குறைவாப் பாக்கக் கூடாது, எல்லாரும் ஆண்டவரோட சாயல், அது மூணு." பிள்ளைங்களும் ராகம் போட்டுத் திருப்பிச் சொல்லிச்சுங்க.

அப்புறம் ஒரு பெரிய மண்பானையைக் கொண்டாந்து வாசல்ல வச்சாங்க. "தினமும் வீட்டுல உலை வைக்கிறப்போ ஒரு பிடி அரிசி எடுத்துட்டு வந்து இதுல போடுங்க. பாஸ்காவுக்கு முன்னாடி ஒரு ஏழைக் குடும்பத்துக்குக் குடுப்போம். ஆனா ஒண்ணு, மிஞ்சினதைக் கொண்டு வரக் கூடாது. உங்க பங்குல இருந்து கொண்டு வரணும்"னு சொன்னாங்க.

பிள்ளைங்க என்ன செஞ்சிருக்கும்? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? அம்மா டப்பாவுல இருந்து ஒரு கை அள்ளிட்டுப் போயிருப்ப. அதேதான். எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் செஞ்சுச்சுங்க. ஒரு பிள்ளை மட்டும் சிஸ்டரு சொன்னதை அப்படியே எடுத்துக்கிச்சு.

அந்தப் பிள்ளை பேரு சலேத்து. மூணாப்பு. குச்சி மாதிரி கையி, ரெட்டைச் சடை. அப்பா இல்ல. அம்மா தெரசம்மா இருட்டோட பூ எடுக்கப் போயிரும். சலேத்துதான் எந்திரிச்சு அடுப்பைப் பத்த வச்சு, ரேஷன் அரிசியைக் களைஞ்சு கஞ்சி வைக்கும். அரிசியை அளந்து, தன் பங்குன்னு ஒரு கணக்கு வச்சு, அதுல இருந்து ஒரு பிடியை எடுத்துத் துணியில முடிஞ்சு வச்சுக்கும். அம்மாவுக்கு ஊத்துற கஞ்சி குறையாது. இதோட கஞ்சிதான் தண்ணியாப் போயிரும். மடக் மடக்குன்னு அதைக் குடிச்சுட்டு, விறுவிறுன்னு பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்.

ஏன்டா அப்படிப் பாக்குற? ஆமா, பசிக்கும்தான். ஆனா அதுக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா! எல்லாருக்கும் முன்னாடி போயி நிக்கும். முடிச்சை அவுத்துப் பானைக்குள்ள பொலபொலன்னு கொட்டும். யாராவது வெறுங்கையோட வந்தா இடுப்புல கை வச்சுக்கிட்டு, "ஏன்டா கொண்டு வரல? பாவம், அந்த வீட்டுப் பிள்ளைங்க பசியோட இருக்கும்ல?"னு அதட்டும். அது வரைக்கும் அந்தப் பிள்ளை யாருக்குமே எதுவும் குடுத்ததில்லடா. குடுக்க என்ன இருந்துச்சு? இப்போ குடுக்குது. நிமிந்து நடந்துச்சு.

அப்புறம் பானை நிறைஞ்சுச்சு. ஒரு மூட்டையில கொட்டிக் கட்டினாங்க. யாருக்குக் குடுக்கிறதுன்னு சிஸ்டரு டீச்சருங்களைக் கேட்டாங்க. எல்லா டீச்சரும் ஒரே வாயாச் சொன்னாங்க, "சலேத்து வீட்டை விட்டா வேற யாரு சிஸ்டர்?" சிஸ்டரும் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போற மாதிரிப் போயிப் பாத்தாங்க. கூரை ஓட்டையும் கிழிஞ்ச பாயும் கண்ணுல பட்டுச்சு. கண்ணு கலங்கிருச்சு அவங்களுக்கு. அப்படியே முடிவு பண்ணிட்டாங்க.

அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல பாத்தியா? அதை நினைச்சாத்தான் எனக்கு ஆத்தாமையா வருது.

ம் கொட்டு. தூங்கிட்டியா? சரி.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மைதானத்துல மேடை. கோயில் சாமியாரு வந்தாரு, போட்டோ எடுக்க ஆளு வந்துச்சு. மூட்டையை மேடையில வச்சு ரோசாப்பூ ரிப்பன் கட்டியிருந்துச்சு. சலேத்து முன் வரிசையில உக்காந்து, எந்த ஏழைப் பிள்ளை வரப் போகுதோன்னு கழுத்தை நீட்டி நீட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அப்போ சிஸ்டரு மைக்கைப் பிடிச்சு, "மூணாம் வகுப்பு சலேத் மேரி, மேடைக்கு வாம்மா"ன்னாங்க.

சலேத்து சந்தோசமா எந்திரிச்சுச்சு. மூட்டையைத் தூக்கிக் குடுக்கத்தான் தன்னைக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சுக்கிச்சு. ஏன்னா அதுதானே ஒரு நாள் விடாமப் போட்டுச்சு! மேடை ஏறிப் போயி, வாங்குற பிள்ளை எங்கன்னு சுத்திமுத்திப் பாக்குது. சிஸ்டரு அதைக் கட்டிப் பிடிச்சு, மூட்டை மேல அது கையை எடுத்து வச்சாங்க. "பிள்ளைங்களா, நீங்க எல்லாரும் உங்க பங்குல இருந்து குடுத்தது, நம்ம சலேத்து வீட்டுக்கு!"

பட பட பட படன்னு கைதட்டு. பளிச்சுன்னு போட்டோ.

சலேத்து மெதுவாச் சொல்லுச்சு, "சிஸ்டர், நானும் போட்டேன்."

கைதட்டுல சிஸ்டருக்குக் கேக்கல. "என்னம்மா?"

"நானும் போட்டேன் சிஸ்டர்."

சிஸ்டரு சிரிச்சாங்கடா. அது கன்னத்தைத் தட்டி, "தெரியுமேடா கண்ணு. அதான் ஆண்டவர் உனக்கே திருப்பிக் குடுக்கிறாரு"ன்னாங்க. அவங்களுக்கு அது ரொம்ப அழகான விசயமாத் தெரிஞ்சுச்சு. சலேத்துக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. கீழே இறங்குறப்போ, முன்னாடி வெறுங்கையோட வந்து இதுகிட்ட அதட்டு வாங்குனானே ஒரு பையன், அவன் கேட்டான், "ஏய், அப்போ பசியோட இருக்கிற பிள்ளைன்னு சொன்னியே, அது நீதானா?" அவன் வம்புக்குக் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டான்.

வீட்டுல தெரசம்மாவுக்குத் தலைகால் புரியல. "ஆண்டவரே, மாதாவே, எம்புட்டு அரிசி!"ன்னு முறத்துல கொட்டிப் புடைக்குது. சர்ரு சர்ருன்னு புடைச்சுக்கிட்டே வந்த கையி நின்னுருச்சு. வெள்ளையாப் பொன்னி அரிசிக்கு நடுவுல தடித் தடியா ரேஷன் அரிசி. "இது நம்ம அரிசியாட்டம் இருக்கே?"ன்னு அம்மா கேக்க, சலேத்து பொத்துக்கிட்டு அழுதுச்சு. "நான் போட்டதும்மா. என் கஞ்சியில இருந்து போட்டேன். அது ஏழைங்களுக்கும்மா. நமக்கில்ல." தெரசம்மா அந்தப் பிள்ளையோட ஒட்டின வயித்தைத் தடவிப் பாத்துட்டு, அதுவும் சேந்து அழுதுச்சு. அன்னைக்குப் பொன்னி அரிசிச் சோறு கமகமன்னு வெந்துச்சு. சலேத்து ஒரு வாயி தொடல.

அப்புறம் பாஸ்கா முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்தாங்க. டிங் டிங் டிங். எல்லாப் பிள்ளையும் வந்துச்சு. சலேத்து வரல.

சிஸ்டருக்குத் திக்குன்னு ஆச்சு. தேடிப் போனாங்க. முதல் தடவை போறப்போ கையில புதுச் சீருடை, புதுப் பை, செருப்பு. பிள்ளை ஆசையா வந்துரும்னு நினைச்சாங்க, பாவம். தெரசம்மா வாசல்லயே நின்னு, "காய்ச்சல் சிஸ்டர்"னு சொல்லிருச்சு. சலேத்து பூச்செடிக்குப் பின்னாடி கம்முனு குத்த வச்சிருந்துச்சு. பையைத் திண்ணை மேல வச்சுட்டு வந்தாங்க. மறுநாள் காலையில பாத்தா பள்ளிக்கூட வாசல்ல பையி, செருப்பு, சீருடை எல்லாம் மடிச்சபடி இருக்கு.

ரெண்டாந் தடவை சாமியாரையும் கூட்டிட்டுப் போனாங்க. சாமியாரு, "பிள்ளையைப் படிக்க அனுப்பாம பூ எடுக்க அனுப்பினா சட்டப்படி தப்பும்மா, கேஸாயிரும்"னு ஆரம்பிச்சாரு. தெரசம்மா பதறிப் போயி, "சாமி, சாமி"ன்னு கும்பிடுது. அப்போதான் சலேத்து வெளிய வந்துச்சு. "எங்கம்மாவைக் கும்பிட வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டு, அம்மா கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போயி, டமார்னு கதவைச் சாத்திருச்சு.

அன்னைக்குத்தான்டா சிஸ்டருக்கு உறைச்சுச்சு. வாய் கிழியச் சொல்லிக் குடுத்தாங்களே மூணு விசயம், அதுல முதல் ரெண்டையும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு மூணாவதைக் கோட்டை விட்டுட்டோம்னு. நம்ம பள்ளிக்கூடத்துலயே பெரிய குடுக்கிற கையி அதுதான், அதைப் பிடிச்சு எல்லாரு முன்னாடியும் ஏந்த வச்சுட்டோமேன்னு. ரெண்டு நாளு அவங்களுக்குச் சோறு இறங்கல.

அப்புறம் மூணாந் தடவை. வெறுங்கையோட, ஒத்தையில, உச்சி வெயில்ல நடந்து போனாங்க. வாசல்ல போயி நின்னு, "சலேத்து, எனக்குப் பசிக்குது தாயி, ஏதாச்சும் இருக்கா?"ன்னாங்க.

நடிப்பு இல்லடா. நெசமாவே பசி.

சலேத்து பாத்துச்சு. அப்புறம் விடுவிடுன்னு உள்ள போயி, ஒரு கும்பாவுல கஞ்சி, கடிச்சுக்க ரெண்டு சின்ன வெங்காயம், மோர் மிளகாய் எல்லாம் கொண்டாந்து வச்சுச்சு. தண்ணி மோந்து குடுத்துச்சு. சிஸ்டரு தரையில சம்மணம் போட்டு உக்காந்து குடிக்கிறாங்க. சலேத்து எதுக்க நின்னுக்கிட்டு, பழைய மாதிரி இடுப்புல கையை வச்சு, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா சிஸ்டர்? வெக்கப்படாம கேளுங்க"ங்குது. மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம்.

சிஸ்டருக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. "நான் செஞ்சது தப்பு சலேத்து. உன்னைக் கேக்காம செஞ்சேன். என்னை மன்னிச்சிரு."

"பரவாயில்ல சிஸ்டர்."

"நாளைக்கு வர்றியா?"

சலேத்து கும்பாவைக் கையில எடுத்துக்கிச்சு. யோசிச்சுச்சு. கோவமெல்லாம் இல்ல, ரொம்பப் பெரிய மனுசி மாதிரிச் சொல்லுச்சு. "நீங்க வேணா இங்க வாங்க சிஸ்டர். எப்பப் பசிச்சாலும் வாங்க. நான் அங்க வரல."

சிஸ்டருக்கு அது புரிஞ்சுச்சு. அந்த மேடையில இருந்து பாத்த மூஞ்சிங்கதானே அங்க பெஞ்சுல உக்காந்திருக்கும்? அதுங்க கண்ணுல அந்த மூட்டையை எப்படி அழிக்கிறது?

அப்புறமும் போனாங்க. சனிக்கிழமை சனிக்கிழமை போயி, கஞ்சியைக் குடிச்சுட்டு, கொஞ்சம் எழுத்தும் கணக்கும் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா சிஸ்டருங்களுக்கு ஒரே ஊர்லயா இருக்க முடியும்? வைகாசியில மாத்தல் வந்துருச்சு. போயிட்டாங்க. அதுக்கப்புறம் சலேத்துக்குச் சொல்லிக் குடுக்க யாரும் வரல. அம்மாவோட மடியைக் கட்டிக்கிட்டுப் பூ எடுக்கப் போக ஆரம்பிச்சுருச்சு. அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைடா, டீச்சரு ஆயிருக்க வேண்டியது. ப்ச்.

என்ன? எந்திரிச்சு உக்காராத, படு. சிஸ்டரு கெட்டவங்களான்னு கேக்குறியா? இல்லடா தங்கம். கெட்டவங்களா இருந்தா நாலு திட்டு திட்டிட்டு நிம்மதியா இருந்திருக்கலாமே. நல்லவங்க, நல்லது நினைச்சாங்க, நல்லதுன்னே செஞ்சாங்க. ஒரு பிள்ளையோட படிப்பு போச்சு. அதான் வயித்தெரிச்சல்.

இல்லடா, பள்ளிக்கூடத்துக்கு அப்புறமும் வரவே இல்ல. எத்தனை தடவை கேட்டாலும் அதேதான், வரல. வந்துச்சுன்னு பெரியம்மா பொய் சொல்ல மாட்டேன்.

கதை அம்புட்டுத்தான், பெரியம்மா வாயும் ஓஞ்சுச்சு. திரும்பிப் படு. கண்ணை மூடு.