அரை நாள் தூரம்

கோடை முற்றிவிட்டது. காட்டோரத்துக் குளம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குளத்தில் சுழியன் என்ற முக்குளிப்பான் பறவை, தன் மனைவி மணிக்கண்ணியோடும் புதிதாகப் பறக்கப் பழகிய இரண்டு பிள்ளைகளோடும் இருந்தது.

ஒரு நாள் தகைவிலான் குருவி ஒன்று பறந்து வந்து நாணலில் உட்கார்ந்தது.

"அண்ணே, மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி ஒண்ணு இருக்கு. எந்தக் கோடைக்கும் வத்தாது" என்றது.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டது சுழியன்.

"உங்க இறக்கைக்கு அரை நாள். நடுவுல இறங்க ஒரு பொட்டுத் தண்ணி கிடையாது."

"இன்னைக்கே கிளம்பிடலாங்க" என்றது மணிக்கண்ணி.

சுழியனுக்கு மனம் வரவில்லை. தண்ணீர் வற்ற வற்ற மீன்களெல்லாம் நடுக்குளத்தில் வந்து குவிந்திருந்தன. முங்கி முங்கி வயிறு வளர்த்த பறவைக்கு இப்போது அலகைத் திறந்தாலே விருந்து!

"அரை நாள் தூரத்துக்கு என்ன அவசரம்? கடைசி நாள் காலையில கிளம்பினாலும் மத்தியானம் அங்கே இருக்கலாம். இருக்கறதை விட்டுட்டுப் பறக்கறதைப் பிடிக்கச் சொல்றியா?"

கரையில் படுத்திருந்த நரி தலையைத் தூக்கியது.

"மாப்பிள்ளை சொல்றதுதான் சரி. இத்தனை மீனையும் காய விட்டுட்டுப் போறது பாவம்."

மணிக்கண்ணி கணவன் அருகே நீந்தி வந்தது. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு. நாம என்ன காக்காயா, நின்ன இடத்துலேர்ந்து எழும்ப? தண்ணி மேல ஓடி வேகம் பிடிச்சாத்தான் இறக்கை தூக்கும். ஓட இடம் வேண்டாமா?"

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்றது சுழியன்.

மறுநாள் காலை மணிக்கண்ணி பிள்ளைகளோடு ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தண்ணீரைத் தட்டிக்கொண்டு ஓடியது. சின்னப் பிள்ளையின் கால் கரைச் சேற்றை உரசியது. சுழியனுக்கு உயிரே போய்விட்டு வந்தது. எப்படியோ மூன்றும் எழும்பிவிட்டன.

"நீங்க முன்னாடி போங்க, பின்னாலேயே வந்துடறேன்!" என்று கத்தியது சுழியன்.

அன்றும் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. தின்று தின்று வயிறு தொங்கியது. "கிளம்பலையா மாப்பிள்ளை?" என்று நரி அக்கறையாகக் கேட்கும். "நாளைக்கு" என்று சுழியன் சொல்லும். நரி மறுபடி படுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் மீன் இல்லை. குளமும் இல்லை, குட்டைதான் மிச்சம். சுழியன் பதறிப்போய் ஓடியது. இறக்கை தூக்குவதற்குள் தண்ணீர் முடிந்து நெஞ்சு சேற்றில் மோதியது. தட்டுத் தடுமாறித் தண்ணீருக்குத் திரும்பியது. நரி எழுந்து சோம்பல் முறித்தது.

இரண்டாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, உந்தி எழும்பியது. பாரம் தாங்கவில்லை. கரையைத் தாண்டிக் காய்ந்த தரையில் போய் விழுந்தது. முக்குளிப்பானுக்கு நீந்தத்தான் கால், நடக்க அல்ல. நெஞ்சாலேயே தேய்த்து நகர்ந்தது. குட்டைக்கும் அதற்கும் நடுவில் நரி வந்து நின்றது.

"விட்டுடு நரியண்ணே. பெண்டாட்டி பிள்ளைங்க காத்துக்கிட்டிருப்பாங்க. அரை நாள் தூரம்தான்" என்று சுழியன் கெஞ்சியது.

"உனக்கு அரை நாள் மாப்பிள்ளை, எனக்கு நாலே எட்டு" என்றது நரி.

மலைக்கு அந்தப் பக்கம் மணிக்கண்ணி அன்றும் பொழுது சாயும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போய்ச் சேரும் நேரத்தை மட்டும் கணக்குப் போடுகிறவன், கிளம்ப வேண்டிய நேரத்தைக் கோட்டைவிடுவான்.