பல்பு யானைக்குக் கடிகாரம் கொடுத்த கதை

ஒட்டப்பட்டியில் லைட் செட் போடுகிற மூன்று பேர் இருந்தார்கள்: சிங்காரம், உமாபதி, தணிகாசலம். சொன்ன சொல் தட்டாதவர்கள். ஊருக்கு அதுதான் பெரிய தொந்தரவு.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கோயில் வாசலில், சட்டத்தில் பல்புகளைக் கோத்துச் செய்த ஒரு பல்பு யானையை நிறுத்தினார்கள். பல்புகள் மாறி மாறி எரியும்போது அது நின்ற இடத்திலேயே நடப்பது மாதிரி தெரியும். முன்னங்கால்களை ஒரு சிப் நடத்தும். பின்னங்கால்களை இன்னொரு சிப். சுவிட்சைப் போட்டதும் முன்னங்கால்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடின. பின்னங்கால்கள் சாப்பிட்டுவிட்டு உலாவின.

"சாயங்காலத்துக்குள்ள இது ஒழுங்கா நடக்கோணும். இல்லீன்னா அடுத்த வருசம் லைட் செட் பக்கத்தூர்க்காரங்களுக்குத்தான்" என்றார் தர்மகர்த்தா நாச்சிமுத்து.

சிப் செய்து கொடுத்த கோயமுத்தூர் இன்ஜினியர் மெஹருன்னிசாவுக்குப் போன் போட்டார்கள்.

"ரெண்டும் தனித்தனி கிளாக்குல ஓடுதுங்க. ஒரே கிளாக்கை ரெண்டுக்கும் பங்கு வச்சுக் குடுங்க. கிரவுண்டும் ஒண்ணா இருக்கணும், மறந்துறாதீங்க" என்றார் அவர்.

சிப் இருந்த பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே கடிகாரமே இல்லை.

"பாவம், மணி தெரியாமத்தான் ஓடியிருக்குது." சிங்காரத்துக்குக் கண் கலங்கியது.

உமாபதி தன் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வந்தான். ரம்பத்தோடு சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பன்னெண்டுலருந்து ஆறு வரைக்கும் முன்னங்காலுக்கு. மீதி பின்னங்காலுக்கு" என்றான் சிங்காரம்.

"அப்பப் பின்னங்காலுக்கு மத்தியானச் சோத்து நேரமே வராதுங்களேண்ணா?" என்றான் தணிகாசலம்.

"முன்னங்கால் சாப்பிட்டாப் போதும். வயிறு ஒண்ணுதானே?"

நியாயமாகப் பட்டது. அறுத்தார்கள்.

அடுத்தது கிரவுண்டு. ஊரில் இருப்பது ஹைஸ்கூல் கிரவுண்டு ஒன்றுதான். யானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் கோல்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நட்டு, கரண்டும் இழுத்தார்கள்.

"கடிகாரத்தை அறுத்தாச்சுங்க, கிரவுண்டுக்கும் வந்தாச்சுங்க" என்று போனில் கேட்டதும் மெஹருன்னிசா அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அவர் வந்து சேரும்போது, காணாமல்போன யானையைத் தேடி தர்மகர்த்தாவும் மூச்சிரைக்க வந்து நின்றார்.

மெஹருன்னிசா பெட்டியைத் திறந்தார். பாதிக் கடிகாரங்களை எடுத்து ஓரமாக வைத்தார். கிளாக் என்று அவர் சொன்னது சிப்பின் துடிப்பை; முதல் சிப்பின் துடிப்பை இரண்டாவதற்குக் கொண்டுபோக ஒரு ஒயர். இரண்டு சிப்பின் கிரவுண்டு முனைகளையும் சேர்க்க இன்னொரு ஒயர். பற்றவைத்து சுவிட்சைப் போட்டார். சாயங்காலத்து மங்கிய வெளிச்சத்தில் யானை நாலு காலும் ஒரே தாளத்தில், மகாராஜா மாதிரி நடந்தது.

தர்மகர்த்தாவுக்கு வாயெல்லாம் பல். "அப்படியே கோயிலுக்குக் கூட்டிட்டு வந்துருங்கப்பா, சனம் காத்திருக்குது!" என்று மெஹருன்னிசாவை அழைத்துக்கொண்டு முன்னால் போனார்.

வண்டிக்காரர் வந்தார். சிங்காரம் அவரைத் திருப்பி அனுப்பினான். "வண்டி எதுக்குங்க? அதுதான் இப்ப நல்லா நடக்குதே!"

உமாபதி கேட்டை அகலத் திறந்தான். தணிகாசலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் காட்டினான். யானை நடந்தது, ஆனால் வரவில்லை.

"இப்படி ஒயருல கட்டிப் போட்டா எப்படி வரும்?" என்று சிங்காரம் பிளக்கைப் பிடுங்கினான்.

பல்பெல்லாம் அணைந்து கிரவுண்டு இருண்டது. யானையைக் காணோம்.

"அடேங்கப்பா, நமக்கு முன்னாடியே கிளம்பிருச்சு!" என்று மூவரும் கோயிலைப் பார்த்து ஓடினார்கள். "ஓரம் போங்க, ஓரம் போங்க! யானை அவுந்துருச்சு!"